நூலகத்துக்கென ஒரு வலைப்பதிவு: அனுமதி முதல் ஒப்படைப்பு வரை

பிரதேச சபை நூலகமொன்றின் இரவல் வழங்கும் மேசையில் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருந்தால், நேரிலும் தொலைபேசியிலும் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு சிறு வட்டத்துக்குள் சுழல்வதைக் காணலாம். "மிஸ், கெசட் வந்திட்டா?" என்று அரசாங்க வர்த்தமானியைக் கேட்பது அவற்றுள் முதன்மையானது. இன்றைக்கு நூலகம் திறந்திருக்கிறதா, அங்கத்துவத்துக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும், புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் இருக்கிறதா, புதிதாக என்ன நாவல் வந்திருக்கிறது என்பன அடுத்தவை. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகருக்கு வரும் ஒருவர், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவருடைய அரைநாள் போய்விடுகிறது. நூலகத்துக்கு வலைப்பதிவு அமைப்பதன் முதல் நோக்கம் இந்தக் கேள்விகளுக்கு விடை வைப்பதே. அழகும் அலங்காரமும் அதற்குப் பின்னரே வரவேண்டும். இணையத்தளம் அமைத்து முன்பின் பழக்கமில்லாத நூலகப் பணியாளர்களையும் வாசகர் வட்ட உறுப்பினர்களையும் மனத்தில் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. அமைக்கும் நாளில் ஒரு கணினி இருந்தால் வசதி. அதன் பின் அன்றாடப் பதிவுகளுக்குக் கைத்தொலைபேசியே போதுமானது.

கணினியைத் திறப்பதற்கு முன்

பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் சொத்து என்பதால், அதன் பெயரில் இணையத்தில் எதையும் தொடங்குவதற்கு முன் சபையின் செயலாளரிடமிருந்து எழுத்துமூல அனுமதி பெறுங்கள். சபையின் இலச்சினையைப் பயன்படுத்தலாமா, அறிவித்தல்களை யார் ஒப்புதலுடன் வெளியிடுவது என்ற இரண்டையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சனசமூக நிலையத்தின் கீழ் இயங்கும் வாசிகசாலையாயின், நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானமாகப் பதிந்தால் போதும்.

அடுத்தது கணக்கு. நூலகப் பணியாளர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் வலைப்பதிவைத் தொடங்காதீர்கள். அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் வலைப்பதிவும் அவரோடு சென்றுவிடும். நூலகத்தின் பெயரில் புதிய கூகிள் கணக்கொன்றைத் திறந்து, மீட்பு எண்ணாக அலுவலகக் கைத்தொலைபேசி எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாகச் சபையின் உத்தியோகபூர்வ முகவரியையும் கொடுங்கள். கடவுச்சொல்லுக்கு மேலதிகமாக இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கும்போது கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, நூலகத்தில் சேரும் ஒவ்வொரு நூலையும் எண்ணிட்டுப் பதியும் சேர்விலக்கப் பதிவேடு வைக்கப்படும் அலுமாரியிலேயே பூட்டி வையுங்கள். தொடர்ந்து 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகிள் 2023 இறுதியிலிருந்து கொண்டுள்ளதால், அந்தக் கணக்கு அவ்வப்போது திறக்கப்பட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்தச் சேவையைத் தெரிவது என்பதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. வேர்ட்பிரஸ் வல்லமை மிக்கது. ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் விளம்பரங்கள் தோன்றும், சொந்த வழங்கியில் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கணினியில்) நிறுவினாலோ ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். ஓராண்டு அந்த ஒதுக்கீடு தவறினால் தளம் மறைந்துவிடும். 1999 இல் தொடங்கப்பட்டு 2003 இல் கூகிள் வாங்கிய புளொக்கர் சேவை முற்றிலும் இலவசமானது, தமிழ் இடைமுகம் உடையது, பராமரிப்புச் செலவு அற்றது. சிறிய நூலகத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. கீழே வரும் படிகள் அதற்குரியவை.

தொடங்குதல்

புளொக்கரில் நுழைந்து புதிய வலைப்பதிவை உருவாக்கும்போது முதலில் தலைப்பைக் கேட்கும். தலைப்பைத் தமிழில், பெயர்ப்பலகையில் உள்ளவாறே எழுதுங்கள். அடுத்துக் கேட்கப்படும் முகவரியை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் இணைப்புக் கோட்டாலும் மட்டுமே அமைக்க முடியும். ஊர்ப்பெயரையும் நூலகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து அமைப்பது எளிது. ஆனால் களுவாஞ்சிகுடி, கொக்கட்டிச்சோலை, அக்கரைப்பற்று போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவது வழக்கம் என்பதால், சபையின் கடிதத் தலைப்பில் உள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள். முகவரியைப் பின்னர் மாற்றினால், வெளியே பகிரப்பட்ட பழைய இணைப்புகள் யாவும் செயலிழக்கும். சொந்தமான முகவரியொன்றை, எடுத்துக்காட்டாக இலங்கைக்குரிய தமிழ் மேல்நிலை ஆள்களப் பெயரான ".இலங்கை" என்பதில், பிறகு பதிவுசெய்து இணைத்துக்கொள்ளவும் வழியுண்டு, தொடக்கத்தில் அது தேவையில்லை.

உருவாக்கியவுடன் எழுதத் தொடங்காமல், அமைப்புகள் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது நேர வலயம். புதிய வலைப்பதிவில் அது பெரும்பாலும் அமெரிக்க நேரமாக இருக்கும். அப்படியே விட்டால் வெள்ளிக்கிழமை காலையில் இடும் அறிவித்தலுக்கு வியாழக்கிழமைத் திகதி விழும். கொழும்பு நேரத்தைத் தெரிந்து, மொழியைத் தமிழாக்கி, திகதி அமைப்பை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றுங்கள். தேடற் பொறிகளுக்கான விவரிப்பை இயக்கி, நூலகத்தின் பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை அடங்கிய ஒரு வாக்கியத்தை அங்கே இடுங்கள். கருத்துகளை எப்போதும் சரிபார்த்த பின்னரே வெளியிடும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். அரச நிறுவனமொன்றின் பக்கத்தில் யாரோ எழுதிய வசை ஓர் இரவு முழுவதும் கிடப்பதை எந்தச் செயலாளரும் விரும்பமாட்டார். இதே பகுதியில் இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். வாசகர் வட்ட இளைஞர்கள் எழுதுவதாயின் அவர்களை ஆசிரியர் நிலையில் சேர்த்தால் போதும். ஆசிரியரால் தம் பதிவுகளை மட்டுமே திருத்த முடியும், தளத்தின் தோற்றத்தில் கைவைக்க முடியாது.

தமிழ் எழுத்துரு என்னும் சிக்கல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நம் பகுதி அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடும் பழக்கம் இன்னும் உண்டு. பாமினியில் தட்டிய கடிதத்தை வலைப்பதிவில் ஒட்டினால், "அம்மா" என்ற சொல்கூட ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகவே தோன்றும். காரணம், அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது. கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. இணையத்துக்கு, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்களைக் கொண்ட யூனிகோடு வேண்டும். தேடற்பொறியில் தேடும்போது அகப்படுவதும், எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் சரியாகத் தெரிவதும், பார்வைக் குறைபாடுடையோருக்குத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டுவதும் யூனிகோடில் எழுதப்பட்டவை மட்டுமே.

பழைய கோப்புகளை இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளால் மாற்றலாம். மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் வாசித்துப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம்: கொ, கோ, கௌ போன்ற ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளும், இடையில் வரும் எண்களும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்திருக்கும். புதிதாகத் தட்டச்சிடுவோர் விண்டோஸில் உள்ள தமிழ் விசைப்பலகையையோ, கைத்தொலைபேசியில் ஜிபோர்ட்டையோ பயன்படுத்தலாம். பாமினி விசை ஒழுங்கிலேயே விரல்கள் பழகியிருந்தால், அதே ஒழுங்கில் தட்டி யூனிகோடாகப் பெறும் மென்பொருள்களும் உண்டு. பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது வடிவமைப்பின்றி ஒட்டும் தெரிவைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஒரே பதிவில் மூன்று அளவிலான எழுத்துகள் வந்து சேரும்.

மாறாதவையும் மாறுபவையும்

வலைப்பதிவில் பக்கம், பதிவு என இரண்டு வகை உண்டு. பக்கம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். பதிவு புதியது வர வரக் கீழே இறங்கும். திறக்கும் நேரம், அங்கத்துவ நடைமுறை, நூலகத்தின் வரலாறு, தொடர்பு விவரம் ஆகியவை பக்கங்களாக இருக்க வேண்டும்.

அங்கத்துவப் பக்கத்தை எழுதும்போது அலுவலக மொழியை அப்படியே பெயர்த்து வைக்காமல், முதன்முறை வரும் ஒருவர் வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன் எதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். தேசிய அடையாள அட்டையா, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலா, பிணையாளரா, வைப்புப் பணமா, பாடசாலை மாணவராயின் அதிபரின் கையொப்பமா என்பவற்றை உங்கள் சபையின் விதிப்படி தெளிவாகக் குறிப்பிடுங்கள். விண்ணப்பப் படிவத்தைக் கூகிள் டிரைவில் ஏற்றி இணைப்புக் கொடுங்கள். நேரப் பக்கத்தில் வார விடுமுறை, போயா தினம், நோன்பு காலத்தில் நேரம் மாறுமாயின் அந்த மாற்றம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். மாரி காலத்தில் வெள்ளம் காரணமாக நூலகம் மூடப்படும் நாள்களை மட்டும் தனிப் பதிவாக இட்டு, வெள்ளம் வடிந்ததும் அப்பதிவை வரைவு நிலைக்குத் திருப்பிவிடுங்கள். நவம்பரில் இட்ட "நூலகம் மூடப்பட்டுள்ளது" என்ற அறிவித்தல் ஏப்ரலிலும் முகப்பில் தென்பட்டால் வாசகர் அடுத்த அறிவித்தலை நம்பமாட்டார்.

தோற்றத்தை அமைத்தல்

தீம் பகுதியில் பல வார்ப்புருக்கள் காத்திருக்கும். மின்னும் வண்ணங்களுக்கு மயங்காமல் ஒரே ஒரு சோதனையைச் செய்யுங்கள்: தெரிவுசெய்த வார்ப்புருவை மலிவான கைத்தொலைபேசி ஒன்றில் திறந்து, திறக்கும் நேரத்தை எத்தனை தொடுகையில் கண்டுபிடிக்க முடிகிறது என்று பாருங்கள். புதிய வார்ப்புருக்களில் சில, பக்கப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் மூன்று கோட்டுக் குறிக்குள் மறைத்துவிடுகின்றன. அக்குறியைத் தொடலாம் என்பதே தெரியாத வாசகர் பலர் உள்ளனர். அப்படியானால் தளவமைப்புப் பகுதியில், பதிவுகளுக்கு மேலே ஒரு சிறு உரைப் பெட்டியைச் சேர்த்து, நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் நேரடியாக அங்கேயே எழுதிவிடுங்கள். ஓடும் எழுத்துகள், கடிகாரம், தானாக ஒலிக்கும் பாடல் ஆகியவற்றை யார் கேட்டாலும் சேர்க்காதீர்கள்.

தளவமைப்பில் தேடற் பெட்டி, பக்கங்களின் பட்டியல், பதிவுகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் லேபிள்கள், பயனுள்ள இணைப்புகள் ஆகிய நான்கும் போதும். கடைசியாகச் சொன்னதற்குச் சற்று நேரம் செலவிடலாம். அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகி, அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலும் கிடைக்கிறது. பாடசாலைப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் தளத்தில் பீடிஎஃப் வடிவில் வைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இணைப்புக் கொடுத்தாலே மேசைக்கு வரும் கேள்விகளில் ஒரு பகுதி குறையும். மின்னஞ்சல் வழிப் பின்தொடரும் கருவியைச் சேர்க்கும்படி பழைய வழிகாட்டிகள் சொல்லும். அந்தச் சேவை 2021 இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

தமிழ் எழுத்துகளுக்கு ஆங்கில எழுத்துகளைவிட அதிக இடம் வேண்டும். வார்ப்புருவின் இயல்பான அளவில் மேல் வரியின் கொக்கிகளும் கீழ் வரியின் விசிறிகளும் நெருக்கியடிக்கும். தீம் பகுதியின் மேம்பட்ட தனிப்பயனாக்கத்தில் எழுத்தின் அளவை 17 அல்லது 18 பிக்சலாகவும், அங்கேயே மேலதிக நடைவிதிகளைச் சேர்க்கும் பெட்டியில் வரி உயரத்தை 1.7 அளவிலும் வைத்தால் வாசிப்பு இதமாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ஆகிய எழுத்துருக்கள் கூகிளின் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்புகளைத் தவிர வேறெங்கும் தடித்த எழுத்து வேண்டாம்; சிறிய அளவில் அது ண, ன வேறுபாட்டையே மங்கச் செய்துவிடும்.

பதிவு எழுதுதல்

முதல் பதிவாக வாழ்த்துரை எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டு, அண்மையில் வந்த நூல்களைப் பற்றி எழுதுங்கள். தலைப்பில் "புதிய நூல்கள்" என்று மட்டும் இடாமல் மாதத்தையும் ஆண்டையும் சேருங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அட்டைப் படம், நூற்பெயர், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, அலுமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் பகுப்பெண் ஆகியவற்றுடன், நூலகத்தார் தாமே எழுதிய இரண்டு மூன்று வாக்கியங்கள் இருக்கட்டும். பின்னட்டையில் உள்ளதைப் பெயர்த்தெழுதுவதில் பயனில்லை. "உயர்தரப் புவியியல் மாணவருக்கு மூன்றாம், நான்காம் அத்தியாயங்கள் உதவும்" என்ற ஒரு வரி வாசகரை அலுமாரிவரை கொண்டுவந்துவிடும்.

லேபிளிடுவதில் நூலகத் துறையினருக்கே உரிய ஒரு சறுக்கல் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி தசமப் பகுப்பில் பழகியவர்கள் 894.811 என்றோ 954.93 என்றோ லேபிளிட விரும்புவார்கள். அலுமாரிக்கு அது சரி; ஆனால் வாசகர் தொடப்போகும் லேபிள் தமிழ் இலக்கியம், இலங்கை வரலாறு என்றே இருக்க வேண்டும். பகுப்பெண்ணைப் பதிவின் உள்ளே எழுதினால், அதைக் குறித்துக்கொண்டு வருபவர் நேரே அலுமாரிக்குச் செல்லலாம். லேபிள்களின் பட்டியலை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். ஒருவர் "சிறுவர் நூல்" என்றும் மற்றவர் "சிறுவர் நூல்கள்" என்றும் இட்டால் அவை இரு வேறு லேபிள்களாகிவிடும்.

வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் நிரந்தர இணைப்பைக் கவனியுங்கள். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால், புளொக்கர் அதிலிருந்து முகவரியை உருவாக்க முடியாமல் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே பொதுச் சொல்லும் ஓர் எண்ணுமாக இட்டுவிடும். தனிப்பயன் இணைப்பைத் தெரிந்து, பொருளை உணர்த்தும் ஓரிரு ஆங்கிலச் சொற்களையும் ஆண்டையும் இடுங்கள். வெளியிட்ட பின் இதை மாற்றுவதாயின் பதிவை வரைவுக்குத் திருப்ப நேரும்.

படங்களை யன்னலோர வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் ஒளி பளபளப்பான அட்டையில் வெள்ளைத் திட்டாக விழும். ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்தால் டேட்டா குறைவாக உள்ளவரிடமும் பக்கம் விரைந்து திறக்கும். பதிவின் முதற்படமே வட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது பெரும்பாலும் முன்னோட்டமாகத் தோன்றும் என்பதால், அது தெளிவாக இருப்பது முக்கியம். நம் ஊர்களில் செய்தி பரவும் வழி ஊர்க் குழுக்களே.

நூற்பட்டியலைத் தேடத்தக்கதாக்குதல்

கோஹா போன்ற நூலக மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் அதன் தேடற் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். இல்லாத சிறு நூலகங்கள், சேர்விலக்கப் பதிவேட்டைக் கூகிள் விரிதாளில் படிப்படியாகத் தட்டச்சிட்டு, அதை இணையத்தில் வெளியிட்டு, ஒரு பக்கத்தின் உள்ளேயே தோன்றும்படி பொதித்துவிடலாம். நூற்பெயர், ஆசிரியர், பகுப்பெண், சேர்விலக்கம் என்ற நான்கு நிரல்களே போதும். ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: அங்கத்தவர் பெயர்களும் இரவல் விவரங்களும் அதே கோப்பின் இன்னொரு தாளில் இருத்தலாகாது. முழுக் கோப்பையும் வெளியிடும் தெரிவு தவறுதலாக அழுத்தப்பட்டால் அவையும் வெளியே வந்துவிடும். தனிக் கோப்பே பாதுகாப்பு. வாசகர்கள் வாங்கப் பரிந்துரைக்கும் நூல்களைப் பெற ஒரு கூகிள் படிவத்தையும் இதே பக்கத்தின் கீழே பொதிக்கலாம்.

ஊர்ச் சேகரிப்பும் உரிமையும்

ஓர் ஊர் நூலகத்தின் வலைப்பதிவை வேறெவரும் தரமுடியாத ஒன்றாக ஆக்குவது அதன் உள்ளூர்ச் சேகரிப்பே. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்கள், வடமோடி, தென்மோடிக் கூத்துக் கொப்பிகள் ஆகியன பல நூலகங்களின் ஒரு மூலை அலுமாரியில் இருக்கின்றன. இவற்றின் பட்டியலை வெளியிடுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அதை உடனே செய்யலாம். பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வுக்காகத் தேடுவது இத்தகைய பட்டியலைத்தான்.

முழு நூலையும் வருடி ஏற்றுவது வேறு விடயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கமொன்றின் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்து 1947 இல் மறைந்த சுவாமி விபுலானந்தரின் எழுத்துகள் அக்காலத்தைக் கடந்துவிட்டன. ஆயினும் அவற்றின் அண்மைப் பதிப்பில் பிறர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் உரைக்குறிப்பும் கடக்கவில்லை. கூத்துக் கொப்பியை ஏற்றுவதாயின் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடமோ அவரது குடும்பத்தாரிடமோ எழுத்துமூலம் கேளுங்கள். வருடத் தொடங்குமுன், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் திரட்டிவரும் நூலகம் திட்டத்தின் தளத்தில் அது ஏற்கெனவே உள்ளதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இணைப்பே போதும். இல்லாவிட்டால் அவர்களுடன் இணைந்து செய்வது, தரமான வருடலுக்கும் நீண்டகாலப் பாதுகாப்புக்கும் சிறந்த வழி.

ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாத நிகழ்வுகளின் படங்கள் குவியும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் பெறுங்கள். பெயர், பாடசாலை, வகுப்பு ஆகிய மூன்றையும் ஒரே படத்தின் கீழ் இடவேண்டாம். இலங்கையில் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது. பரிசு பெறும் காட்சியைவிட, பிள்ளைகள் வரைந்த ஓவியங்களையும் எழுதிய விமரிசனங்களையும் காட்டும் படங்கள் வாசிக்கவும் சுவையானவை.

தொடர்ந்து நடத்துதலும் ஒப்படைத்தலும்

கிழமைக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். வர்த்தமானி வரும் வெள்ளி பொருத்தமானது: அதில் நம் மாவட்டத்தாருக்குப் பொருந்தும் பதவி வெற்றிடங்கள், விண்ணப்ப முடிவுத் திகதி, நூலகத்தில் பார்வையிடக்கூடிய நேரம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதினால், வேலை தேடும் இளைஞர்கள் வாரந்தோறும் வருவார்கள். புள்ளிவிவரப் பகுதியில் உங்கள் சொந்த வருகைகளைக் கணக்கிடாத தெரிவை இயக்கிவிட்டு, எந்தப் பதிவு அதிகம் பார்க்கப்படுகிறது என்பதை மாதமொருமுறை நோக்குங்கள். நூற்கொள்வனவுப் பட்டியல் தயாரிக்கும்போது அது கைகொடுக்கும்.

மாத இறுதியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று உள்ளடக்கத்தைக் காப்பெடுங்கள். கிடைக்கும் கோப்பில் பதிவுகளும் பக்கங்களும் கருத்துகளும் இருக்கும், படங்கள் இரா. ஆகவே மூலப் படங்களை ஆண்டு, மாதம் வாரியாகக் கணினியிலும் வெளி வன்தட்டு ஒன்றிலும் வைத்திருங்கள். தீம் தனியாகக் காப்பெடுக்கப்பட வேண்டும். தோற்றத்தில் எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன்னரும் அதைச் செய்துகொள்வது நல்லது.

பொறுப்பாளர் மாறும்போது, சாவிக்கொத்தும் சேர்விலக்கப் பதிவேடும் கையளிக்கப்படும் அதே ஒப்படைப்புப் பத்திரத்தில் வலைப்பதிவையும் ஓர் இனமாகச் சேருங்கள். முகவரி, கணக்கின் மின்னஞ்சல், மாற்றுக் குறியீடுகள் உள்ள உறை, நிர்வாகிகளின் பட்டியல், கடைசியாகக் காப்பெடுத்த திகதி ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். புதியவர் கணக்கில் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணைச் சரிபார்த்து, தம் கையால் ஒரு சிறு பதிவை இட்ட பின்னரே முன்னவர் கையொப்பமிட வேண்டும்.